தாய் கொடுத்த செல்லமும் மகனின் ஈர்ப்பும்: அந்த 48 யாருடைய கணக்கு?

உவர்மலைவாசி:
திருகோணமலையில் நடந்த பெற்றோர் கருத்தரங்கில் பேசியவர், "தாய் அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்து, தகப்பன் ஒதுங்கியிருந்தால் மகன் ஆண்களை விரும்பத் தொடங்குவான்" என்றார். கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. 1962இல் அமெரிக்க உளப்பகுப்பாய்வு மருத்துவர் இர்விங் பீபர் குழுவினர் சொன்ன கதை இது. அவர்கள் ஆராய்ந்தது மனநலச் சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டும். அதுவும் மருத்துவர்களே நிரப்பிய வினாக்கொத்தை வைத்து. இதையா இன்றைய தாய்மாருக்குச் சொல்வது?

கடல்முக மாஸ்டர்:
தம்பி, எனக்கும் வாசிக்கத் தெரியும். 1991இல் பெய்லி, பில்லார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒருவர் தன்பாலீர்ப்பு உடையவராக இருந்தபோது, ஒத்த இரட்டையரில் மற்றவரும் அப்படி இருந்தது 52 சதவீதம்தான். மரபணு ஒன்றாக இருந்தும் மீதி 48 ஏன் மாறியது? வளர்ப்பு!

உவர்மலைவாசி:
மாஸ்டர், அந்த இரட்டையர் இருவரும் பெரும்பாலும் ஒரே வீட்டில் ஒரே தாயின் கையால் சோறு உண்டவர்கள். செல்லம்தான் காரணம் என்றால் இருவரும் அல்லவா ஒன்றுபோல ஆகியிருக்க வேண்டும்? நீங்கள் தூக்கிப் பிடிக்கும் 48 உங்களுக்கு எதிரான சாட்சி. அந்த 52கூட, தன்பாலீர்ப்பாளர் வாசிக்கும் ஏடுகளில் விளம்பரம் கொடுத்துத் திரட்டியவர்களிடம் கிடைத்தது. 2000இல் அதே பெய்லி அவுஸ்திரேலிய இரட்டையர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது ஆண்களில் 20 சதவீதம்தான் வந்தது.

கடல்முக மாஸ்டர்:
நல்லதாகப் போயிற்று. 20 என்றால் மீதி 80. வளர்ப்பின் பங்கு கூடிவிட்டதே!

நிலாவெளி அக்கா:
எத்தனை தரம் இதையே சொல்வீர்கள், மாஸ்டர்? திருக்கடலூரில் தகப்பன்மார் இரவெல்லாம் கடலில் நிற்கிறார்கள். எத்தனையோ பேர் கட்டாரிலும் சவூதியிலும் ஆண்டுக்கணக்காக இருக்கிறார்கள். போர் எத்தனை வீடுகளில் தகப்பனைக் கொண்டுபோனது! தாய் தனியாக வளர்த்த பிள்ளைகளால் நிறைந்த ஊர் இது. அந்தப் பேச்சாளரின் கணக்கு சரியென்றால் இங்கே பாதிப் பிள்ளைகள் அப்படி இருக்க வேண்டுமே. பரீட்சையில் தவறினாலும் தாய், குடித்தாலும் தாய், இதற்கும் தாயா?

கடல்முக மாஸ்டர்:
அக்கா, உணர்ச்சி வேறு, விஞ்ஞானம் வேறு. 48க்கு யாரும் பதில் சொல்லவில்லை.

உவர்மலைவாசி:
சொல்லியாயிற்று. மரபணு அல்லாதது எல்லாம் வளர்ப்பு ஆகிவிடாது. கருப்பையும் ஒரு சூழல்தான். ஒரே தாய் வயிற்றில் முன்பிறந்த அண்ணன்மார் கூடக் கூட, தம்பிக்கு ஆண்கள்மேல் ஈர்ப்பு இருக்கும் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. 2006இல் போகேர்ட் என்ற ஆய்வாளர் காட்டியது அதற்கும் மேல்: அண்ணன் வேறு வீட்டில் வளர்ந்தாலும் அந்த விளைவு இருக்கிறது. ஒன்றாக வளர்ந்தும் ஒரே வயிற்றில் பிறக்காத அண்ணனால் இல்லை. வளர்ப்பு எங்கே போயிற்று, மாஸ்டர்? 2019இல் ஏறத்தாழ 4,70,000 பேரின் மரபணுக்களைப் பார்த்தும் "இதுதான்" என்று ஒற்றை மரபணு அகப்படவில்லை. விஞ்ஞானிகள் அந்த அளவுக்கு நிதானமாகப் பேசுகிறார்கள். மேடையில் நிற்பவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்துவிட்டதா?

கிண்ணியா வாசகன்:
காரணம் எதுவானால் என்ன? உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இங்கே இலங்கையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இருக்கின்றன. அதைப் பற்றிக் கதையுங்கள்.

கடல்முக மாஸ்டர்:
சட்டத்துக்குத் தனித் திரி தொடங்குங்கள். உவர்மலைவாசி போன வருடம் வாசகர் வட்டத்திலும் இப்படித்தான் என்னை முடிக்கவிடாமல் குறுக்கே விழுந்தார். உவர்மலையில் குடியிருந்தால் அறிவு கூடுதலாக வந்துவிடுமோ?

உவர்மலைவாசி:
அன்று நீங்கள் நாற்பது நிமிடம் பேசினீர்கள். அடுத்தவருக்கு நேரமே மிஞ்சவில்லை.

நிலாவெளி அக்கா:
இருவரும் வாசகர் வட்டத்தை விடுங்கள். அந்தக் கருத்தரங்கில் என் பக்கத்தில் இருந்த தாய் அழுதுகொண்டே எழுந்து போனார். அவருக்கு யார் போய்ச் சொல்வது?

கடல்முக மாஸ்டர்:
அவருக்காக எனக்கும் வருத்தம் இருக்கிறது. ஆனால் 48 என்பது 48தான்.

உவர்மலைவாசி:
ஒரே வீடு, மாஸ்டர். ஒரே தாய். நீங்கள் இதற்குப் பதில் எழுதும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.