பேரன்ட்ஸ் மீட்டிங்ல கிரேடு பத்தி பேசின அனுபவம் – டீச்சர்ஸ், பேரன்ட்ஸ் ரெண்டு பேருமே சொல்லுங்க

மூணாம்வகுப்பு_மிஸ்:
வருஷ ஆரம்பத்துல நடக்கற மீட்டிங் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், டைம்டேபிள், ஹோம்வொர்க், லீவ் லெட்டர், கடைசியா கிரேடு. எங்க ஸ்கூல்ல மார்க் கிடையாது, 1லேருந்து 4 வரைக்கும் லெவல். 3னா இந்த வகுப்புல ஒரு பிள்ளைக்கு என்ன வரணுமோ அது முழுசா வந்துடுச்சுன்னு அர்த்தம், இதை நிறுத்தி நிதானமா சொன்னேன், ஸ்லைடுலயும் இருந்துச்சு. முன்வரிசைல ஒரு அப்பா நான் பேசிட்டு இருக்கும்போதே போனை எடுத்து 3ஐ 4ஆல வகுத்து, நான் குடுத்த பேப்பர் ஓரத்துல 75ன்னு எழுதி அடியில ரெண்டு கோடு போட்டார். "அப்போ எல்லாம் வந்தாலே 75தானா மிஸ்?" அவ்ளோதான், பக்கத்துல இருந்தவங்களும் அவங்கவங்க பேப்பர்ல எழுத ஆரம்பிச்சுட்டாங்க, அதுக்கப்புறம் நான் சொன்னது எதுவும் யார் காதுலயும் ஏறல. ரிப்போர்ட் கார்டு குடுத்த மறுநாள் அவரோட பொண்ணு, நல்லா படிக்கற பிள்ளை, எங்கிட்ட வந்து "மிஸ், மீதி 25 எங்க போச்சு?"ன்னு கேட்டா. அழல, கோபமும் இல்ல, நிஜமாவே தெரிஞ்சுக்கறதுக்காக கேட்டா. எனக்கு அது இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

ரெட்டைப்பிள்ளை_அம்மா:
நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தவ. மிஸ் கடகடன்னு ரூல்ஸ் படிச்சாங்க, தினமும் ஹோம்வொர்க் முடிச்சு டைரில கையெழுத்து வாங்கி வரணும்னு. எனக்கு ரெட்டைப் பசங்க, ஒருத்தன் உக்காந்தா முடிச்சுடுவான், இன்னொருத்தனுக்கு ஒரு பக்கம் எழுதவே கண்ணுல தண்ணி வந்துடும். முடிக்க முடியலன்னா என்ன செய்யணும்னு எழுந்து கேட்டேன். "எல்லா பசங்களும் முடிச்சுடறாங்களே மேடம்"னு சொன்னாங்க. திட்டல, சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. ஆனா அந்த ஹால்ல அத்தனை பேரும் திரும்பி என்னைப் பாத்தாங்க பாருங்க, அதுக்கப்புறம் வருஷம் முழுக்க நான் எந்த மீட்டிங்லயும் வாயைத் திறக்கல. அவன் முடிக்காத ஹோம்வொர்க்லயும் முடிச்ச மாதிரி கையெழுத்து போட்டு அனுப்பினேன். அந்த டீச்சருக்கு அவனோட கஷ்டம் தெரியாமலே போச்சு.

அஞ்சாம்வகுப்பு_சார்:
மிஸ், அந்த அப்பா மேல எனக்குக் கோபமே வரல. மார்க்கும் ரேங்க்கும் பாத்தே வளந்த மனுஷன் கையில நம்பரைக் குடுத்தா சதவீதம்தான் போடுவார். தப்பு நம்பர் மேல. எங்க ஸ்கூல்ல எழுத்துதான், A B C, அதனால எங்களுக்கு இந்தப் பிரச்சினை வந்ததே இல்ல.

என் அனுபவம் வேற. ஒரு அம்மா, பையனுக்கு கணக்குல C போட்டதும் நேரா வந்து "வீட்டுல எல்லாம் சரியா போடறானே சார், உங்களுக்கு அவனைப் புடிக்கலையா"ன்னு கேட்டுட்டாங்க. எனக்குக் கையே நடுங்கிடுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, வீட்டுல அவங்க பக்கத்துலயே உக்காந்து "இப்ப கடன் வாங்கு, இப்ப கீழ எழுது"ன்னு சொல்லச் சொல்ல அவன் போட்டிருக்கான். சொல்லிக்குடுத்து வர்றதும் தானா வர்றதும் வேற வேறன்னு யாருமே அவங்களுக்கு சொன்னதில்ல.

தாத்தா_பேரன்:
வணக்கம். பேரனை நாங்கதான் வளக்கறோம், அதனால மீட்டிங்குக்கு நான்தான் போவேன். ஸ்க்ரீன்ல போட்ட எழுத்து ஒண்ணும் தெரியல, பொடி எழுத்து, பாதி இங்கிலீஷ். எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் ஆட்டினேன். முடிஞ்சதும் அந்த டீச்சரம்மா என்னைத் தனியா உக்கார வெச்சு பையனோட நோட்டைக் குடுத்தாங்க. ஸ்கூல் தொறந்தப்ப எழுதின பக்கத்தையும் அந்த வாரம் எழுதின பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, "ஐயா, இங்க பாருங்க, அப்போ ஒரு வாக்கியம் எங்க முடியுதுன்னே அவனுக்குத் தெரியல, எல்லாம் ஒரே ஓட்டமா இருக்கு. இப்ப ஒவ்வொண்ணுக்கும் புள்ளி வெச்சிருக்கான், பேசினதுக்கு மேற்கோள் குறிகூட போட்டிருக்கான்"ன்னு விரல் வெச்சுக் காட்டினாங்க. கார்டுல 2ன்னு போட்டிருந்துச்சு. அந்த ரெண்டு பக்கத்தைப் பாத்தப்புறம் அந்த 2 எனக்கு உறுத்தவே இல்ல.

ஓய்வு_ஹெச்எம்:
சார், எழுத்துல பிரச்சினை வராதுன்னு சொன்னது சரியில்ல. A குடுத்தா அது 90க்கு மேலன்னு அதே அப்பா அடுத்த நிமிஷமே எழுதிடுவார். உங்க C கதையே அதுக்கு சாட்சி. பெரியவர் சொன்னதுதான் வழி, பிள்ளையோட வேலையைக் காட்டணும்.

நான் ஹெச்எம்மா இருந்தப்ப மூணாம் வகுப்பு மீட்டிங்ல ஒரே ஒரு கணக்குதான் போர்டுல எழுதச் சொல்வேன், 52ல 27 போனா எவ்ளோ. பேர் இல்லாம நாலு விடை. ஒண்ணுல 35ன்னு இருக்கும், ஏன்னா அந்தப் பிள்ளை 7லேருந்து 2ஐக் கழிச்சிருக்கு, மேல எது கீழ எதுன்னு பாக்காம பெருசுலேருந்து சின்னதைக் கழிச்சிருக்கு, அது 1. ரெண்டாவதுல 25 வந்திருக்கும், ஆனா டீச்சர் "பத்துகிட்ட கடன் வாங்கணும்ல"ன்னு ஞாபகப்படுத்தினதுக்கு அப்புறம், அது 2. மூணாவது யார் உதவியும் இல்லாம 25 போட்டு ஏன்னும் சொல்லும், அது 3. நாலாவது அந்த 35ஐப் பாத்துட்டு தப்பு எங்க நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சு சொல்லும், 402ல 178ன்னு நடுவுல சைபர் வர்ற கணக்கு குடுத்தாலும் அசராது. இதைப் பாத்ததும் "ஐயோ எம்பொண்ணு இந்த 35தான் போடுவா"ன்னு ஒரு அம்மா தானா சொன்னாங்க. அதுக்கப்புறம் யாரும் சதவீதம் கேக்கல, வீட்டுல எப்படி சொல்லிக்குடுக்கறதுன்னுதான் கேட்டாங்க.

இன்னும் சிலது சொல்றேன், மிஸ் கேக்கல, இருந்தாலும் மத்தவங்களுக்கு உதவும். நடத்தையையும் படிப்பையும் ஒரே கிரேடுல கலக்காதீங்க. அட்டை போடலன்னு, நோட்டு கொண்டு வரலன்னு கணக்கு கிரேடைக் குறைச்சா அந்தக் கிரேடு கணக்கைப் பத்தி பொய் சொல்லுது. அதே மாதிரி சைபர். ஒரு பிள்ளை மூணு டெஸ்ட்ல 90, ஒரு வேலையைக் குடுக்கல, அதுக்கு 0. சராசரி 67.5. அந்தப் பிள்ளைக்குப் பாடம் தெரியலையா என்ன? அப்புறம் ஆரம்பத்துல தடுமாறி கடைசில நல்லா கத்துக்கிட்ட பிள்ளைக்கு பழைய மார்க்கையும் சேத்து சராசரி போடறது அநியாயம், இப்ப என்ன தெரியும்ங்கறதுதான் கிரேடு. 1988ல ரூத் பட்லர்ங்கற ஆராய்ச்சியாளர் பள்ளிப் பிள்ளைங்களை மூணு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு அவங்க செஞ்ச வேலையைப் பத்தி எழுதின குறிப்பு மட்டும், ஒண்ணுக்கு வெறும் மார்க், இன்னொண்ணுக்கு ரெண்டும் குடுத்துப் பாத்தாங்க. வெறும் குறிப்பு வாங்கின பிள்ளைங்கதான் முன்னேறினாங்க, ஆர்வமும் குறையல. மார்க்கும் குறிப்பும் சேத்து வாங்கினவங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கல, மார்க்கைப் பாத்ததும் குறிப்பு கண்ணுல படறதில்ல. அதனால நோட்டுல தினமும் திருத்தும்போது நம்பர் போடாம, அடுத்து என்ன செய்யணும்னு ஒரு வரி மட்டும் எழுதுங்க. கார்டுக்கு மட்டும் லெவல் போதும்.

ஹோம்வொர்க் கேட்ட அம்மாவுக்கு: ஒரு வகுப்புக்கு பத்து நிமிஷம்னு பரவலா ஒரு கணக்கு சொல்வாங்க, மூணாம் வகுப்புன்னா அரை மணி. அதுக்கு மேல போனா நிறுத்திட்டு "இவ்ளோதான் முடிஞ்சது"ன்னு டைரில எழுதி கையெழுத்து போடுங்க.

ரெட்டைப்பிள்ளை_அம்மா:
எழுதலாம் மேடம், ஆனா எழுதினா கிரேடு குறையுமோன்னு பயம் இருந்தா யார் எழுதுவா? நீங்க சொல்ற மாதிரி நாங்க செய்யணும்னா அந்த மீட்டிங்லயே டீச்சர் வாயால "முடியலன்னா எழுதி அனுப்புங்க, அதுக்காக கிரேடு குறையாது"ன்னு ஒரு வார்த்தை வந்திருக்கணும். பேரன்ட்ஸ் தைரியமா இருக்கணும்னு எங்ககிட்ட மட்டும் சொல்லாதீங்க.

மூணாம்வகுப்பு_மிஸ்:
அக்கா, நீங்க சொல்றது நியாயம். எங்க மீட்டிங்லயும் அந்த வரி கிடையாது, இந்த வருஷம் சேக்கறேன். ஹெச்எம் மேடம், அந்தக் கழித்தல் கணக்கை நான் எடுத்துக்கறேன், தமிழுக்கும் இதே மாதிரி நாலு பக்கம் தயார் பண்ணணும்.

அஞ்சாம்வகுப்பு_சார்:
நாலு பக்கம் சரி. சைபர் விஷயத்துல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் மேடம். வேலையே குடுக்காத பிள்ளைக்கு சைபர் போடாம என்ன போடறது? குடுத்த பிள்ளைங்க கேக்காதா?

ஓய்வு_ஹெச்எம்:
கேக்கும். "இன்னும் குடுக்கல"ன்னு எழுதுங்க சார், வகுப்பு நேரத்துலயே உக்கார வெச்சு செய்ய வைங்க, செஞ்சப்புறம் லெவல் போடுங்க. சைபரை வாங்கிட்டு அந்தப் பிள்ளை தப்பிச்சுடுது, இதுல தப்பிக்க முடியாது.