முதல் சந்திப்பில் டெலஸ்கோப் பேச்சை எடுக்கலாமா?

வான்நோக்கி:

ஏழு வருடமாக டெலஸ்கோப் வைத்து வானம் பார்க்கிறேன். பழகிப் பார்க்கலாமா என்ற எண்ணத்தோடு ஒருவரை முதல்முறை சந்திக்கும்போது இந்தப் பேச்சை எடுக்கலாமா, கூடாதா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகவே இருந்தது. "வாயைத் திறக்காதே, ஓடிப்போய்விடுவார்கள்" என்றுதான் நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

முதலில் சந்தித்தவரிடம் நான் செய்தது தப்பு. லீவு நாளில் என்ன செய்வீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் 8 அங்குல டாப்சோனியன் என்று ஆரம்பித்து, குவியத்தூரம் 1200 மில்லிமீட்டர், கண்ணாடியை எப்படி நேர்ப்படுத்துவது, எந்த ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ்) போட்டால் எத்தனை மடங்கு பெரிதாகும் என்று இருபது நிமிடம் விடாமல் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவரிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

அதன்பிறகு ஒரு வருடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. படம் பார்ப்பேன், பாட்டு கேட்பேன் என்று சொல்லிவைத்தேன். பொய் இல்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு யாராலும் அடுத்த கேள்வி கேட்க முடியவில்லை. இரண்டு மூன்று சந்திப்புகள் அப்படியே பிசுபிசுத்துப்போயின.

பிறகு ஒருவரைச் சந்தித்தேன். பேசிவிட்டு வெளியே வந்தால் வானத்தில் அரைநிலா. அடக்க முடியவில்லை. "நிலாவைப் பார்க்க பௌர்ணமிதான் ரொம்ப மோசமான நாள், தெரியுமா?" என்றேன். நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டார். பௌர்ணமியன்று நிலாவின் மேல் வெயில் நேராக விழுகிறது, நிழலே இல்லாததால் பள்ளம் மேடு எல்லாம் தட்டையாகிவிடும். அரைநிலாவில் வெளிச்சமும் இருட்டும் சேருகிற கோட்டோரம் வெயில் சாய்ந்து விழும், ஒவ்வொரு பள்ளத்தின் நிழலும் நீண்டு தெரியும் என்றேன். அவர் கரித்துண்டால் முகங்கள் வரைபவர். "முகத்துக்கு நேரா விளக்கு வச்சா மூக்கே எடுப்பாத் தெரியாது. பக்கவாட்டுலதான் வைக்கணும்" என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் நிழலைப் பற்றியே பேசினோம். பாதிக்கு மேல் பேசியது அவர்தான். வயதானவர்களின் முகம் ஏன் சீக்கிரம் கைக்கு வருகிறது, குழந்தை முகம் ஏன் நழுவிக்கொண்டே போகிறது என்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டெலஸ்கோப் என்ற வார்த்தையே அன்று கடைசியில்தான் வந்தது.

க்யூப் தோழி:

எனக்கு ரூபிக் க்யூப். சராசரியாக 18 விநாடி ஆகும். ஒருவர் "இப்பவே செஞ்சு காட்டுங்க" என்றார். காட்டினேன். கைதட்டினார். அதற்குமேல் இருவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. திறமையைக் காட்டுவது வேறு, பேசுவது வேறு என்று அன்றைக்குப் புரிந்தது.

இன்னொருவர் தானும் க்யூப் செய்பவர். எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் கடைசி அடுக்குக்கு எத்தனை ஃபார்முலா தெரியும், எந்த க்யூப் வைத்திருக்கிறீர்கள், காந்தம் வைத்ததா என்று கேள்விமேல் கேள்வி. எனக்கு நிஜமாகவே தெரியுமா என்று அவர் சோதிக்கிறார் என்பது மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிட்டது. என்னைப் போன்ற பெண்கள் பலரிடம் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். ஆர்வத்தில் கேட்கிற கேள்விக்கும் பரீட்சை வைக்கிற கேள்விக்கும் உள்ள வித்தியாசம் எதிரே இருப்பவருக்கு உடனே தெரியும். தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

நன்றாகப் போன ஒரு சந்திப்பும் உண்டு. அவருக்கு க்யூப் பற்றி எதுவும் தெரியாது. "சின்ன வயசுல ஒரு பக்கம் மட்டும் சேர்ப்பேன். அதுக்கு மேல வராது. கடைசியில ஸ்டிக்கரை உரிச்சு மாத்தி ஒட்டிட்டேன்" என்றார். நான் செய்துகாட்டவில்லை. அவர் கையிலேயே கொடுத்தேன். நடுத்துண்டுகள் ஆறும் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதே இல்லை, அதனால் பக்கம் பக்கமாக யோசிக்காமல் அடுக்கு அடுக்காக யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எர்னோ ரூபிக் 1974ல் இதை உருவாக்கியபோது, கலைத்ததைத் திரும்பச் சேர்க்க அவருக்கே ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, தான் பாதியில் விட்ட வயலின் வகுப்பைப் பற்றிச் சொன்னார். ஏன் விட்டார், இன்றைக்கும் வயலின் சத்தம் கேட்டால் என்ன தோன்றும் என்றெல்லாம் சொன்னார். அப்படிப்பட்ட பேச்சை நான் முதல் சந்திப்பில் கேட்டதே இல்லை.

வழக்கமாக நான் எல்லோரிடமும் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. 43க்குப் பின்னால் இன்னும் 18 இலக்கம் போட்டால் எவ்வளவு வருமோ அத்தனை விதமாக க்யூப் கலையும், ஆனாலும் எப்படிக் கலைந்திருந்தாலும் 20 திருப்பத்துக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010ல் நிரூபித்துவிட்டார்கள். அன்று அது என் வாயில் வரவே இல்லை. வரவேண்டிய தேவை இருக்கவில்லை.

பகடைக்காரன்:

ஒரே ஆர்வம் உள்ளவர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தெரிந்திருக்கும். 1974ல் வந்த விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, 20 பக்கப் பகடை உருட்டி, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கதையை நடத்திப்போவது. அதை ஆடுகிற ஒருவரையே சந்தித்தேன். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. நான்கு முறை சந்தித்தோம். நான்கும் அப்படித்தான்.

நான்காவது சந்திப்பு முடிந்து வரும்போது யோசித்தேன். அவருக்கு அண்ணன் தம்பி உண்டா? தெரியாது. எதற்கு அழுவார், எதற்குக் கோபப்படுவார்? தெரியாது. அவருடைய பாத்திரத்துக்கு எத்தனை உயிர்ப்புள்ளி என்பது மட்டும் தெரியும்.

இன்றைக்கும் உறுத்துவது ஒன்று உண்டு. "நீங்க எப்பவும் எந்தப் பாத்திரம் எடுப்பீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "காயம் ஆத்துறவங்கதான். வேற யாரும் எடுக்க மாட்டாங்க, அதனால நானே எடுத்துடுவேன். வீட்லயும் அப்படித்தான்" என்றார். வீட்டிலும் அப்படித்தான் என்று ஒருவர் சொல்கிறார் என்றால் எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்கிறார்! நான் அதைக் காதில் வாங்காமல், குணப்படுத்தும் மந்திரத்தின் விதி புதிய பதிப்பில் எப்படி மாறியது என்று பேச ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாவது சந்திப்பு நடக்கவில்லை. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ரேடியோ கேட்டவள்:

நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டவள். எனக்கு இப்படிப் பித்துப் பிடிக்கிற ஆர்வம் எதுவும் கிடையாது. என்னைச் சந்திக்க வந்தவர் அமெச்சூர் ரேடியோக்காரர், அதாவது பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோவில் தூரத்து ஆட்களோடு பேசுகிறவர். ஆரம்பித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. "பகல்ல கேட்காத தூரத்து ஸ்டேஷன் ராத்திரியில கேட்குமே, கவனிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். கவனித்திருக்கிறேன். தாத்தாவின் ரேடியோவில், தூக்கம் வராத இரவுகளில், புரியாத மொழியில் யாரோ பேசுவது அலையலையாக வந்து போகும். அது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. வளிமண்டலத்தின் மேலே ஒரு அடுக்கு பகலில் வெயிலால் உருவாகி அந்த அலைகளை விழுங்கிவிடும், சூரியன் மறைந்ததும் அது கலைந்துவிடும், அலைகள் இன்னும் மேலே போய் அங்கே பட்டுத் திரும்பி வரும் என்றார். எனக்குத் தாத்தாவே திரும்பி வந்த மாதிரி இருந்தது. தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. அந்த ரேடியோ இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அப்புறம் ஆன்டெனா நீளக் கணக்குக்குப் போனார். நடுவில் தானே நிறுத்தி, "போரடிக்குதா? உண்மையைச் சொல்லுங்க" என்றார். கொஞ்சம் என்றேன். சரி என்று விட்டுவிட்டார், முகம் சுருங்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில்தான் இவரோடு நிம்மதியாக இருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

2017ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்தே அடுத்த கேள்வி கேட்பவர்களை எதிரே இருப்பவர்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது, ஒவ்வொருவரிடமும் சில நிமிடம் மட்டும் பேசிப் பார்க்கிற வேகச் சந்திப்புகளில் அப்படிக் கேட்டவர்களை மறுபடி பார்க்கச் சம்மதிப்பவர்களும் அதிகம் என்று கண்டார்கள். ரேடியோ எங்கே என்று அவர் கேட்டது எனக்கு அப்படித்தான் இருந்தது. பகடைக்காரன், உங்கள் கதையைப் படித்தபோது 'வீட்லயும்னா?' என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கிவிட்டேன்.

குட்டி ரயில்:

நான் மறைத்தவன். மாடல் ரயில். ஒரு அறை முழுக்கத் தண்டவாளம். அந்த அறையைப் பூட்டிவைத்து ஆறு மாதம் பழகினேன். தெரிந்தபோது அவர் ரயிலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "நான் சிரிப்பேன்னு ஆறு மாசமா நினைச்சிட்டிருந்தீங்களா?" என்றுதான் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சரியாக நீண்ட நாள் ஆனது. முதல் நாளே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். அது போதும்.

க்யூப் தோழி:

வான்நோக்கி, கரித்துண்டில் வரைபவருக்கு டெலஸ்கோப்பில் காட்டினீர்களா இல்லையா? அதைச் சொல்லவில்லையே.

வான்நோக்கி:

காட்டினேன். முதலில் அரைநிலா. ஐபீஸில் கண்ணை வைத்தவர் பத்து நிமிடம் எடுக்கவே இல்லை. பிறகு தாள் கேட்டு வாங்கி, அந்த நிழல்கோட்டை மட்டும் வரைந்தார். அது இப்போது என் சுவரில் இருக்கிறது.

2025 கடைசியில் சனியைக் காட்டினேன். நான் முதன்முதலில் பார்த்தபோது யாரோ ஐபீஸில் படம் ஒட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன், அவ்வளவு தெளிவான வளையம். அதையெல்லாம் ஆசையாகச் சொல்லிக் கூப்பிட்டிருந்தேன். ஆனால் ஏறக்குறைய 15 வருடத்துக்கு ஒருமுறை அந்த வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பும். அந்த வருடம் மார்ச்சில் அப்படித் திரும்பியிருந்தது. வருடக் கடைசியிலும் ஒரு மெல்லிய கோடுதான். "வளையம்னு சொன்னீங்க, குச்சி குத்தின மாதிரில இருக்கு" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. 1610ல் கலிலியோ பார்த்தபோது அவருக்கும் அது வளையம் என்று புரியவில்லை, ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி 1659ல் எழுதியபிறகுதான் தெளிவானது, இனிமேல் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக விரியும், முழுசாக விரிய ஏழு வருடம்போல ஆகும் என்று படபடவென்று சொன்னேன்.

அவர் மறுபடி ஐபீஸில் குனிந்தார். "சரி, ஏழு வருஷம்தானே. விரியட்டும், அப்போ வரையிறேன்" என்றார்.