பெரிய துளைக் கிளாரினெட்: நடுப் பஞ்சமம் ஏறுகிறது, மேல் பஞ்சமம் இறங்குகிறது. எந்த மவுத்பீஸ், எந்த ரீடு?

கித்தாகாட்டுக் குழல்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். தோட்டத்துக் கோயிலில் திருமுறைக் குழுவோடு வாசிப்பவன், முறையாகப் படித்தவன் இல்லை. பேண்டில் இருந்த தாய்மாமாவின் பழைய பூசி அண்ட் ஹாக்ஸ் பி-பிளாட் கிளாரினெட் இப்போது என் கையில். மரம் நன்றாக இருக்கிறது, பேடு எல்லாம் புதிதாக மாற்றியாகிவிட்டது.

ஒரு கட்டை சுருதிக்கு வாசிக்கிறேன். பேரலை (மவுத்பீஸுக்குக் கீழே உள்ள குட்டை மூட்டை) கொஞ்சம் இழுத்துவிட்டால் சட்ஜம் சுருதிப் பெட்டியோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஏ கீயில் வரும் நடுப் பஞ்சமம் 15 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறி நிற்கிறது. சட்ஜத்தின் விரலை அப்படியே வைத்துக்கொண்டு ரெஜிஸ்டர் கீயை (மேல் ஸ்தாயிக்குத் தாவவைக்கும் கீயை) அழுத்தினால் மேல் பஞ்சமம் வர வேண்டும் அல்லவா? அது 20 சென்ட் கீழே. இரண்டு பஞ்சமமும் சண்டை போட்ட வீடு மாதிரி.

ஊதும் மவுத்பீஸ் (வாயில் வைக்கும் முனை) வான்டோரன் பி45. "எந்தக் கிளாரினெட்டுக்கும் சேரும்" என்று கடையில் சொன்னார்கள். ரீடு (அதில் கட்டும் நாணல் தகடு, எண் கூடினால் கெட்டி) 2½-இல் ஆரம்பித்தேன். மேல் ஸ்தாயி இறங்குகிறதே என்று 3, அப்புறம் 3½. துளி ஏறியது உண்மைதான். ஆனால் ஒரு பதிகம் முடிவதற்குள் உதடு மரத்துவிடுகிறது, நாதத்தில் பாதி காற்றுச் சத்தம். 4 வாங்கலாமா?

பேண்ட்காரர்_லூனாஸ்

தம்பி, 4 வாங்காதீர்கள். பி45-இன் முனைத் திறப்பு கிட்டத்தட்ட 1.2 மில்லிமீட்டர், அதாவது நல்ல அகலம். திறப்பு அகலமாக இருந்தால் ரீடு மெலிதாக வேண்டும், குறுகலாக இருந்தால் கெட்டியாக. நீங்கள் தலைகீழாகப் போகிறீர்கள்.

பேரலைக் கழற்றி, மேல் மூட்டின் துளையை அளந்து சொல்லுங்கள்.

கித்தாகாட்டுக் குழல்

பட்டறை அண்ணனிடம் காலிப்பர் வாங்கி அளந்தேன். 15.2 மில்லிமீட்டர்.

பேண்ட்காரர்_லூனாஸ்

அப்படியென்றால் உங்கள் கையில் இருப்பது பூசி அண்ட் ஹாக்ஸின் பெரிய துளை மாடலான 1010 ஆக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஜாக் பிரைமர், கெர்வாஸ் டி பெயர் போன்றவர்கள் வாசித்த வகை. இப்போது கடைகளில் கிடைக்கும் பிரெஞ்சு வகைக் குழல்கள் ஏறக்குறைய 14.6, 14.7 துளை. பி45 அந்த மாதிரிக் குழலுக்காகச் செய்தது. அதன் உள்துளை அடியில் அகலமாகத் தொடங்கி, மேலே போகப் போகக் குறுகும். 1010-இன் மவுத்பீஸ் துளை குறுகாமல் 15.2-இலேயே நேராகப் போகும்.

உள்ளே இடம் குறைந்தால் குழலின் நீளத்தையே கொஞ்சம் வெட்டியது போல ஆகிவிடும். அது குட்டைக் குழலாக ஒலிக்கும் சுரங்களை, அதாவது உங்கள் நடுப் பஞ்சமத்தைத்தான் அதிகம் ஏற்றும். மேல் ஸ்தாயிக்கு அதே அளவு ஏற்றம் கிடைக்காது. பேரலை இழுத்துக் கீழே சரி செய்தால் மேலே இன்னும் இறங்கும். ரீடை மாற்றி இதைத் தீர்க்க முடியாது தம்பி. அந்தத் துளியூண்டு ஏற்றம்கூட நீங்கள் உதட்டால் கடித்ததில் வந்தது.

நாயனக்காரர்_வீட்டுப்_பிள்ளை

பெரியவர் சொன்னதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு நேரான குச்சியில் காகிதத்தை இறுக்கிச் சுற்றி, மேல் மூட்டின் துளையில் ஆடாமல் நுழையும் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். அதே குச்சியை மவுத்பீஸின் அடியில் விடுங்கள். நேர்த்துளை என்றால் உள் அறையின் வாசல் வரை தடையில்லாமல் போகும். வழியில் நின்றுவிட்டால் கதை புரிந்துவிடும்.

ஒன்று கேட்கிறேன், மாமாவின் பெட்டியில் பழைய மவுத்பீஸ் இல்லையா?

கித்தாகாட்டுக் குழல்

அண்ணே, பி45-இல் குச்சி நுழையவே இல்லை, வாயிலேயே நின்றுவிட்டது!

பழையது ஒன்று இருக்கிறது. பச்சையும் பழுப்புமாக நிறம் மாறி, தேய்த்தால் கந்தக வாடை. கெட்டுப்போனது என்று ஒதுக்கி வைத்தேன். அதில் குச்சி அப்படியே உள்ளே போகிறது. ஆனால் பேரலில் லேசாக ஆடுகிறது. வெந்நீரில் போட்டுக் கழுவலாமா?

நாயனக்காரர்_வீட்டுப்_பிள்ளை

ஐயோ, வெந்நீர் வேண்டவே வேண்டாம்! அது எபோனைட். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர், நம் ஊர்ப் பால்மரத்துச் சரக்குதான். வெயில் பட்டால் பச்சையாகும், சூடு பட்டால் கோணிவிடும். தண்ணீரில் ஒரு துளி சோப்பும் மெல்லிய துணியும் போதும். நிறம் போகாது, போக வேண்டியதும் இல்லை.

ஆட்டத்துக்குத் தக்கை மேல் நூல் சுற்றுங்கள். அப்புறம் முனையை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், ஓரம் பெயர்ந்திருக்கிறதா என்று. ரீடு படுக்கும் தட்டைப் பகுதியைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் ஆடக் கூடாது. ரீடு கட்டி, அடித் துளையை உள்ளங்கையால் மூடி உறிஞ்சுங்கள். ஓரிரு நொடி பிடித்துவிட்டு 'டப்'பென்று விட்டால் நல்லது. உடனே காற்று கசிந்தால் ரீடும் தட்டும் ஒட்டவில்லை.

பேண்ட்காரர்_லூனாஸ்

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பி45-ஐக் குடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். ஒருமுறை என் மவுத்பீஸை அப்படிக் கொடுத்தேன், இப்போது அது மேசை மேல் காகிதம் பறக்காமல் காக்கிறது. பழையது தேறவில்லை என்றால், 1010-க்கென்றே நேர்த்துளையோடு செய்கிறவர்களிடம் வாங்குங்கள். இங்கிலாந்தில் பீட்டர் ஈட்டன் பெரிய துளைக் குழலும் அதற்கேற்ற மவுத்பீஸும் செய்தவர். ரீடு மட்டும் சாதாரண பிரெஞ்சு வெட்டே போதும்.

கித்தாகாட்டுக் குழல்

முனை ஓரம் நன்றாக இருக்கிறது. நான்கு சுற்று நூல், 'டப்' வந்தது. முதலில் 3½ கட்டினேன், அடைத்தது. 2½ மேலே மெலிந்து போனது. 3-ஐ மவுத்பீஸ் முனை மயிரிழை அளவு மேலே தெரிகிற மாதிரி வைத்ததும் பேசியது.

பேரலை முழுக்க உள்ளே தள்ளியாகிவிட்டது. மேல் பஞ்சமம் இப்போது 4 சென்ட்தான் இறக்கம். நடுப் பஞ்சமம் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது, வலது கையின் இரண்டு விரலை மூடினால் அடங்குகிறது. பக்கத்து வீட்டு அக்கா "மாமா வாசிக்கிற மாதிரியே இருக்குடா" என்றார். மாமாவின் பல் பட்ட தடம்கூட அதில் இருக்கிறது. என் பல்லும் அங்கேயேதான் உட்காருகிறது.

செம்பனை_சுருதி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அந்த பி45-ஐ விற்கிறீர்களா? மகள் பள்ளி பேண்டில் வாசிக்கிறாள், அவள் குழலை இப்போதுதான் அளந்தேன், 14.6. ரீடு 2½ மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்கிறேன்.