ராணிப்பேட்டையில் சின்ன சின்பயோ (செயற்கை உயிரியல்) லேப்: 3 லட்சத்தில் எதை முதலில் வாங்குறது?

கேள்வி:
டேனரியில் முடி நீக்க சோடியம் சல்பைடுக்குப் பதிலா புரோட்டியேஸ் (புரதத்தை உடைக்கும்) என்சைம் செஞ்சு பார்க்கப் போறோம். மூணு பேர், ஒரு அறை, டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் சின்ன பிசிஆர் மெஷின் இருக்கு. ஜீனை நாங்களே எடுக்கணுமா? −80 ஃப்ரீசர் இல்லாம முடியுமா? டிரான்ஸ்ஃபார்மேஷன் (பாக்டீரியாவுக்குள் டிஎன்ஏ ஏத்துறது) பண்ணினா பிளேட்டில் ஒரு காலனியும் வரலை.

பதில் 1:
ஜீனைச் செஞ்சு தர்ற கம்பெனிகிட்ட பிளாஸ்மிடிலேயே (ஜீனைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) ஏத்தி வாங்கிடுங்க. நீங்களே எடுக்க ஆகும் பிரைமர், லிகேஸ், வீணாகிற வாரங்கள் எல்லாம் மிச்சம்.

−80 வேண்டாம், −20 போதும். ஆனா ஃப்ராஸ்ட்-ஃப்ரீ மாடல் வாங்காதீங்க. பனி உருக்க அது அடிக்கடி சூடேறும், என்சைம் கெட்டுப்போகும். கரண்ட் போனா தாங்க ஜெல் பேக்குக்கு நடுவுல டப்பாவை வையுங்க.

கத்திரி வெயில்ல கவனம். சாதா இன்குபேட்டரில் ஹீட்டர் மட்டும்தான் இருக்கும். அறை 40 டிகிரின்னா உள்ளே 37 நிக்காது. டிஎன்ஏ துண்டுகளை ஒட்டும் 16 டிகிரி லிகேஷன் தேவைப்பட்டா பிசிஆர் மெஷின்லயே போடுங்க, அது குளிரவும் வைக்கும்.

பதில் 2:
காலனி விஷயம்: டிஎன்ஏவை ஏத்துக்கிற பாக்டீரியா செல்லை அன்னிக்கே தயார் செய்யுங்க. ஓ.டி. (வளர்ப்பின் கலங்கல் அளவு) 0.4 வந்ததும் ஐஸ்ல வச்சு, ஜில்லுன்னு இருக்கும் 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் கழுவுங்க. பிளாஸ்மிட் சேர்த்து ஐஸ்ல 30 நிமிஷம், 42 டிகிரி தண்ணீரில் 45 விநாடி, மறுபடி ஐஸ்ல 2 நிமிஷம், எல்பி வளர்ப்புக் கரைசலில் 37 டிகிரியில் 1 மணி நேரம். வாட்டர் பாத் டிஸ்ப்ளேயை நம்பாதீங்க, தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்க.

கூடவே சோதனைக்கு, நல்லா வேலை செய்யும்னு தெரிஞ்ச பியூசி19 பிளாஸ்மிட் ஒரு டியூப், ஆன்டிபயாடிக் இல்லாத பிளேட் ஒண்ணு. அந்தப் பிளேட்டிலும் வளரலைன்னா செல் செத்துப்போச்சு. பியூசி19 வளர்ந்து உங்களது வரலைன்னா கோளாறு டிஎன்ஏவில். பிளேட்டில் ஊத்தும் அகார் கைபொறுக்கிற சூட்டுக்கு (50 டிகிரி) வந்த பிறகே ஆம்பிசிலின் ஆன்டிபயாடிக்கை ஊத்துங்க, இல்லேன்னா வீரியம் போயிடும்.

பதில் 3:
புரோட்டியேஸை ஈ.கோலை பாக்டீரியாவில் செய்யறது சிரமம், உள்ளேயே கட்டியா உறைஞ்சுடும். பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியா என்சைமை வெளியே விட்டுடும், வடிகட்டினாலே போதும்.

ஜீன் மாத்தின உயிரிக்கு 1989 விதிகள்படி ஐபிஎஸ்சி, அதாவது உயிரியல் பாதுகாப்புக் குழு வேணும். இது இல்லாம ஆரம்பிக்கவே கூடாது. இன்குபேட்டர் (புதுத் தொழில்களுக்கு உதவும் மையம்) மூலமா வழி கேளுங்க, வி.ஐ.டி. வளாகத்தில் ஒண்ணு இருக்கு. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப உதவி நிறுவனமான பைராக்கின் பிக் மானியம் 50 லட்சம் வரை கிடைக்கும்.

என்சைம் வேலை செய்யுதான்னு பார்க்கிற பால் அகாரில் தெளிவான வளையம் வந்ததும் சந்தோஷப்பட்டுடாதீங்க. தோலின் முக்கியப் புரதமான கொலாஜனைத் தின்னுதான்னு தனியா பாருங்க. தின்னா முடியோட தோலின் கிரெயினும் (மேல்பரப்பு) போயிடும், அந்தத் தோலை எந்த டேனரியும் எடுக்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். பால் எவ்வளவு?

பதில் 3:
1 சதவீதம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர். அகாரோட சேர்த்துக் கொதிக்க வைக்காதீங்க, திரிஞ்சுடும். தனியா ஸ்டெரிலைஸ் பண்ணி, ஆறினதும் கலக்குங்க.