பீட்டில்ஸ் கடைசியாக வாசித்த மொட்டைமாடி

கேள்வி: இங்கிலாந்தின் நால்வர் இசைக்குழுவான பீட்டில்ஸ் மக்கள் காதில் விழ கடைசியாக வாசித்தது மொட்டைமாடியிலாமே? ஏன் அங்கே?

பதில்: 1969 ஜனவரி 30, மதியம். லண்டன் சாவில் ரோவில் 3-ம் எண் கட்டடம், அவர்களுடைய சொந்த அலுவலகம். எடுத்துக்கொண்டிருந்த படத்துக்கு ஒரு முடிவு வேண்டும். எங்கெங்கோ போகலாம் என்று பேசிப் பார்த்து, கடைசியில் படியேறி மேலே போய்விட்டார்கள். நல்ல குளிர். குழுவின் ஜான் லெனன் தன் காதலி யோகோவின் ரோமக் கோட்டையும், டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோ தன் மனைவியின் சிவப்பு மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டார்கள். காற்று இரைச்சல் பதிவாகாமல் இருக்க மைக்குகளுக்குப் பெண்கள் அணியும் நைலான் காலுறையைச் சுற்றினார்கள். நானும் மாடியில் பாட்டுப் பதிவு செய்பவன். இதைப் படித்த நாளிலிருந்து என் மைக்குக்கும் அதுதான் உறை. மொத்தம் சுமார் 42 நிமிடம் வாசித்தார்கள், அதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

பதில்: கீபோர்டு வாசித்த பில்லி பிரஸ்டனை விட்டுவிட்டீர்களே! அவர் வந்த பிறகுதான் அந்த நால்வருக்குள் இருந்த இறுக்கமே தளர்ந்தது.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா. போலீஸ் வந்ததும் நிறுத்திவிட்டார்களா?

பதில்: இல்லை தம்பி. போலீஸ் மாடியில் நிற்கும்போதே ‘கெட் பேக்’ பாடலை இன்னொரு தடவை வாசித்துத்தான் முடித்தார்கள்.