மீனம்பர்னு நெனச்சு அரிசி வாளில ஒளிச்சு வச்ச கதை (உங்க அனுபவத்தையும் சொல்லுங்க)

நீரோடிக்காரன்:
2022 ஜூலைல கேரளாவுல விழிஞ்ஞத்து மீன்பிடிக்குற ஆளுகளுக்கு கடல்ல 28.4 கிலோ மீனம்பர், அதான் அம்பர்கிரிஸ், திமிங்கல வாந்தின்னு சொல்லுவாவளே அந்த சரக்கு, கெடைச்சுது, கோஸ்டல் போலீஸ்ல கொண்டு குடுத்தாவன்னு நியூஸ் வந்துதுல்லா, 28 கோடி வெலைன்னு போட்டிருந்தான். அதுக்கப்புறம் எங்க கரைல ஒருத்தனும் நிமிந்து நடக்கல, எல்லாவனுக்கும் கண்ணு மணல்லதான். நானும் ஒரு நாள் வெளுப்புக்கு பொழியூர் பக்கமா நடந்து போனப்போ தேங்கா அளவுல ஒண்ணு கெடந்துது, வெள்ளையும் மஞ்சளுமா, நகம் போட்டா பதியுது, எனக்கு கையும் ஓடல காலும் ஓடல, லுங்கில சுத்தி வீட்டுக்கு கொண்டு வந்து அரிசி வாளிக்குள்ள தாத்துட்டேன்.

ரெண்டு நாளு ஒறக்கம் இல்ல. மூணாம் நாளு மாமா வந்தாரு. தூத்தூர் போட்ல முப்பது வருசம் சுறாவும் சூரையும் பிடிச்ச ஆளு. எடுத்து மோந்து பாத்தாரு, ஒண்ணும் பறையல. அம்மைக்க சேலைல குத்தியிருந்த ஊக்கை வாங்கி கேஸ் அடுப்புல பழுக்க காய்ச்சி குத்துனாரு. உருகி தண்ணி போல வடிஞ்சுது, மெழுகுதிரி அணைச்ச வாடை. "லேய் மக்கா, இது கப்பல்லேருந்து ஒழுகுன மெழுகாக்கும். அசல்னா தாரு போல கறுப்பா இளகி ஊசில ஒட்டும்"னாரு.

பெறவு அவருதான் வெளக்குனாரு. ஸ்பெர்ம் திமிங்கலம் தின்னுறது முக்காவாசி கணவாய். கணவாய்க்கு கிளி மூக்கு போல கறுப்பா ஒரு மூக்கு உண்டுல்லா, அது செரிக்காது. அது குடல்ல தங்கி உறுத்த, சுத்தி மெழுகு மாதிரி ஒண்ணு ஊறி கட்டியாவுது. நியூஸ்காரன் வாந்தி, உமிழ்நீருன்னு எழுதுறான், ஆனா அது குடல்ல உண்டாவுற சாதனம், பின்வழியாதான் வெளிய வருதுன்னு இப்ப சொல்லுறாவ. புதுசுல கறுப்பா சாணி நாத்தம். வருசக்கணக்குல வெயில்லயும் உப்புத்தண்ணிலயும் மெதந்து கெடந்தாதான் சாம்பலாயி வாசனை வரும். செண்டு கம்பெனிக்காரன் வாங்குறது வாசம் தோல்ல தங்கி நிக்கத்தான். இப்ப அதுக்கு பதிலா அம்ப்ராக்ஸன்னு லேப்லயே செய்யுறான்.

மாமா இதெல்லாம் சொல்லிட்டு கடைசில ஒண்ணு சொன்னாரு பாருங்க, சின்ன வயசுல லட்சத்தீவு பக்கம் வலைல ஒரு கறுத்த கட்டி ஏறுச்சாம், நாத்தம் தாங்காம இவரே காலால தள்ளி கடல்ல விட்டாராம். உள்ள கணவா மூக்கு துருத்திட்டு நின்னுதாம். எனக்கு அழணுமா சிரிக்கணுமான்னு தெரியல.

களியக்காவிளை பையன்:
உங்களுக்கு மெழுகு போச்சு, எனக்க கொச்சாப்பன் மகனுக்கு 40,000 போச்சு. ஒரு புரோக்கர் திருச்சூர்ல சரக்கு இருக்குன்னு வீடியோ அனுப்பி அட்வான்ஸ் கேட்டான், இவனும் நகை அடகு வச்சு குடுத்தான், பெறவு போன் சுவிட்ச் ஆஃப். ஸ்டேஷன்ல போயி என்னன்னு சொல்லுவான், 1972 வனவிலங்கு சட்டத்துல வாங்குறதும் வச்சிருக்கிறதுமே குத்தம். அந்த தைரியத்துலதான் இந்த புரோக்கர்மாரு ஆட்டம் போடுறானுவ. 2023 மே மாசம் தூத்துக்குடி கடற்கரைல 18.1 கிலோவோட பிடிச்சானுவள்ளா, நியூஸ்ல காட்டி அவனுக்கு பயம் வரட்டும்னு பாத்தேன், இப்பவும் யாரோ அனுப்புற வீடியோவ பாத்துட்டு இருக்கான்.

கொல்லங்கோடு சேச்சி:
எங்க தாத்தா வைத்தியரு. மீனம்பர்னு ஒரு சின்ன டப்பா வச்சிருந்தாரு, தீப்பெட்டி அளவு கூட இருக்காது, பிள்ளைய தொட விடமாட்டாரு. தொறந்தா பழைய கோயில் மரப்பெட்டி போல ஒரு மணம். அசலான்னு யாரு கண்டா. அது சரி தம்பி, அந்த அரிசிய என்ன செஞ்சிய?

நீரோடிக்காரன்:
என்ன செய்ய சேச்சி, நாலு தடவ கழுவி பொங்குனாவ. சோத்துல மண்ணெண்ண வாடை. அம்மை ஒரு வாரம் எங்கிட்ட பேசல, "கோடீஸ்வரனுக்கு மீன் கொழம்பு எதுக்கு"ன்னு தட்டுல வெறும் ஊறுகாதான் வச்சாவ.