புதுப்பிப்பு: மூன்று சக்கர ஸ்கூட்டருக்கு கார் லைசென்ஸ் போதுமா?

கோலாலம்பூரில் வேலைக்குப் போய்வர, முன்னால் இரண்டு சக்கரம் உள்ள யமஹா ட்ரைசிட்டி 155 ஸ்கூட்டரை டி லைசென்ஸோடு (கார் லைசென்ஸ்) ஓட்டலாமா என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. "முடியாது தம்பி, பி2 எடு" என்று அண்ணன் ஒருவர் சொன்னதே சரி. எடுத்துவிட்டேன். பி2 என்பது மோட்டார் சைக்கிள் லைசென்ஸ், 250 சிசி வரை செல்லும். இது 155 தான்.

முன்சக்கரங்களுக்கு நடுவே 460 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் கார் லைசென்ஸே போதும் என்பது சில ஐரோப்பிய நாடுகளின் வழக்கம். இங்கே அது செல்லாது.

எதிர்பாராதது ஒன்று: மூன்று சக்கரம் இருந்தும் சிக்னலில் தானாக நிற்காது! முன்சக்கரங்கள் வண்டியோடு சேர்ந்து சாயும். பியாஜியோ எம்பி3 என்ற மூன்று சக்கர ஸ்கூட்டரில் உள்ள சாய்வுப் பூட்டு (நிற்கும்போது வண்டி சாயாமல் பிடிப்பது) இதில் கிடையாது. கால் ஊன்றியே ஆகவேண்டும். முன் டயர் இரண்டிலும் காற்றை ஒரே அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் இழுக்கும். மழையில் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் முன்பக்கப் பிடிப்பு அருமை.